ஸ்போர்ட்ஸ் கார் டெஸ்ட் டிரைவ்: பயணச் சொகுசைச் சோதிப்பது எப்படி?

"ஸ்போர்ட்ஸ் கார் என்றால் முதுகைப் பதம் பார்க்கத்தான் செய்யும்." விற்பவரும் இப்படிச் சொல்வார், வாங்கி மாட்டிக்கொண்டவரும் தன்னைத் தேற்றிக்கொள்ள இப்படிச் சொல்வார். இதில் பாதிதான் உண்மை. பிரான்சின் அல்பின் நிறுவனம் 2017இல் மீண்டும் கொண்டுவந்த ஏ110 ஓர் அசல் ஸ்போர்ட்ஸ் கார். எடை சுமார் 1,100 கிலோதான். எடை குறைவு என்பதால் முரட்டு ஸ்பிரிங் தேவைப்படவில்லை. மோசமான கிராமத்துச் சாலையிலும் அது பயணிகளைப் படுத்துவதில்லை என்று ஓட்டிப் பார்த்த பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே விறைப்பு வேறு, வதை வேறு. இந்த இரண்டையும் அரை மணி நேர டெஸ்ட் டிரைவில் பிரித்தறிவது எப்படி என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். இதுவரை சாதாரண கார் மட்டுமே ஓட்டியவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

முதலில் ஒரு சின்ன அடிப்படை. கார் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் அதன் உடல் ஸ்பிரிங் மீது மேலும் கீழும் அசையும். குடும்பக் கார்களில் இந்த அசைவு நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை இருக்கும். ஸ்போர்ட்ஸ் காரில் ஒன்றரை முதல் இரண்டு, சிலவற்றில் அதற்கும் மேல். அசைவு வேகமாக இருப்பதைத்தான் நாம் விறைப்பு என்று உணர்கிறோம். அந்த அசைவை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. நல்ல ஸ்போர்ட்ஸ் கார் ஒரு முறை அசையும், உடனே அடங்கும். மோசமானது அடங்காமல் துள்ளிக்கொண்டே போகும், அல்லது அடியை அப்படியே இருக்கைக்குக் கடத்திவிடும். டெஸ்ட் டிரைவ் முழுக்க நீங்கள் தேட வேண்டியது இந்த ஒன்றைத்தான்: அடி விழுந்த பிறகு என்ன நடக்கிறது?

படி 1: எந்தக் காரைத் தருகிறார்கள் என்று பாருங்கள்

சாவியை வாங்கியதும் உள்ளே ஏறிவிடாதீர்கள். டயருக்கு அருகே குனிந்து அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களைப் படியுங்கள். சொகுசைப் பற்றிய பாதிக் கதை அங்கேயே இருக்கிறது.

போர்ஷே 718 கேமனை எடுத்துக்கொள்வோம். 18 அங்குலச் சக்கரத்தில் முன் டயர் 235/45 ஆர்18. அதாவது டயரின் அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 106 மி.மீ. அதே காரில் 20 அங்குலச் சக்கரம் கேட்டால் முன் டயர் 235/35 ஆர்20 ஆகிவிடும். பக்கச்சுவர் 82 மி.மீ.தான். ஏறக்குறைய ஓர் அங்குல ரப்பரும் காற்றும் போய்விட்டன. பள்ளத்தின் விளிம்பு முதலில் மோதுவது அந்த ரப்பரில்தான். பெரிய ரிம் புகைப்படத்தில் அழகாக இருக்கும். மழைக்காலத்துச் சாலையில் அது முதுகுக்கும் வலி, ரிம் வளைந்தால் பணப்பைக்கும் வலி.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஷோரூமில் இருப்பது ஒரு சக்கரத்தோடு இருக்கும், நீங்கள் பதிவு செய்யப்போவது வேறு சக்கரத்தோடு இருக்கும். அதே சக்கரம், அதே சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த அமைப்பு) உள்ள வண்டிதான் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். கிடைக்காவிட்டால், பெரிய சக்கரத்தில் ஓட்டிப் பார்த்துச் சிறிய சக்கரத்தைப் பதிவு செய்வதில் ஆபத்து குறைவு. தலைகீழாகச் செய்ய வேண்டாம்.

ரன்ஃபிளாட் டயரா என்றும் கேளுங்கள். காற்று போனாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. தூரம் ஓட வைப்பதற்காக அதன் பக்கச்சுவரைத் தடிப்பாகச் செய்திருப்பார்கள். வசதிதான், ஆனால் சிறிய மேடுகளில் இறுக்கம் தெரியும்.

படி 2: காற்றழுத்தம்

இதை மட்டும் தனிப் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு, கிட்டத்தட்ட யாருமே இதைப் பார்ப்பதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவு விளிம்பிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். டெஸ்ட் டிரைவ் வண்டியில் அதைவிட ஐந்தாறு பி.எஸ்.ஐ. கூடுதலாக இருந்தால், நல்ல கார்கூடக் கல்லாகத் தெரியும். திரையில் டயர் அழுத்தம் காட்டும் வசதி இப்போது பல கார்களில் இருக்கிறது, ஒரு நிமிட வேலை. கூடுதலாக இருந்தால் சரி செய்து தரச் சொல்லுங்கள். தயங்க ஒன்றுமில்லை, இந்த விலை கொடுப்பவருக்கு இதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

படி 3: வழியை நீங்கள் தேர்ந்தெடுங்கள்

சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ஈ.சி.ஆர். பக்கம் அழைத்துப் போவார்கள். மழமழவென்ற சாலை, ஒரு பக்கம் கடல். அங்கே எந்தக் காரும் சொகுசாகத்தான் ஓடும். உங்கள் வீட்டுத் தெரு அப்படி இருக்கிறதா?

வழியில் இவை இருக்க வேண்டும்: உங்கள் தெருவில் இருப்பதுபோன்ற வேகத்தடை, மெட்ரோ பணியோ குழாய்ப் பணியோ நடந்து ஒட்டுப் போட்ட சாலை, ஒரு மேம்பாலம், கொஞ்ச தூரம் நெடுஞ்சாலை. முந்தின நாளே உங்கள் சொந்தக் காரில் அதே வழியில் ஒரு முறை போய்வாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைக்கும். இதைச் செய்யாதவர்கள், ஓட்டி முடித்ததும் "ரொம்ப விறைப்பாக இருக்கிறதோ?" என்று விற்பனையாளரையே கேட்கிறார்கள். அவர் என்ன பதில் சொல்வார் என்று தெரிந்ததுதானே.

படி 4: நின்றபடியே இருக்கை

இருக்கையைச் சரிசெய்து, காரை நகர்த்தாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பக்கெட் இருக்கையின் பக்க மெத்தை விலாவை அழுத்துகிறதா, தொடைக்கு அடியில் தாங்கல் இருக்கிறதா, இடுப்புக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். சிலர் சஸ்பென்ஷன் மீது போடும் பழி உண்மையில் இருக்கையைச் சேர வேண்டியது. ஏறி இறங்குவதையும் இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். அம்மாவையோ அப்பாவையோ அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்துப் பாருங்கள்.

படி 5: 20 முதல் 30 கி.மீ. வேகம்

மற்ற எல்லாப் படிகளையும்விட இது முக்கியம். பாட்டை அணையுங்கள். ஏசி விசிறியைக் குறையுங்கள். ஓட்டும் விதத்தை மாற்றும் மோடு பொத்தான் இருந்தால், காரை அதன் மென்மையான மோடில் வையுங்கள்.

முதலில் வேகத்தடை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி, வட்ட முதுகு வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் கடக்கும்படி கணக்கிட்டது அது. நம் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் அந்தப் பகுதி மக்களின் கோபத்தின் அளவில் போடப்பட்டவை. அதனால் முதலில் மெதுவாகக் கடந்து காரின் அடிப்பகுதி தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டாவிட்டால் கொஞ்சம் வேகம் கூட்டிக் கடந்து, இறங்கிய பிறகு என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். மூக்கு ஒரு முறை இறங்கி நின்றுவிட்டால் நல்லது. முன்பக்கம் எழும்ப, பின்பக்கம் உதைக்க, மீண்டும் முன்பக்கம் தலையாட்டினால், தினமும் அலுவலகம் போக அது உதவாது.

இங்கே காரின் அமைப்பும் பேசும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் 718இல் 2,475 மி.மீ. தூரம். செங்கல்பட்டுக்கு அருகே பி.எம்.டபிள்யூ. ஆலையில் பொருத்தி வெளிவந்த எம்340ஐ போன்ற செடானில் அது 2,851 மி.மீ. இடைவெளி குறையக் குறைய, முன்னும் பின்னும் ஆடும் ஆட்டம் கூடும். நீண்ட முன்பக்கம் கொண்ட இரண்டு இருக்கை ரோட்ஸ்டர்களில் (கூரையைத் திறக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்கள்) ஓட்டுநர் கிட்டத்தட்ட பின் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார். பின் சக்கரம் வாங்கும் அடி நேராக அவருடைய இடுப்புக்கு வரும்.

அடுத்து, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறங்கும்படியான சிறு பள்ளம். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறுவதால் தெரியாத ஒரு குறை இங்கே வெளியே வரும். வளைவில் கார் சாயாமல் இருக்க இடது, வலது சக்கரங்களை ஒரு தடித்த கம்பியால் பிணைத்திருப்பார்கள். அது மிகவும் முரடாக இருந்தால், இடது சக்கரம் பள்ளத்தில் விழும்போது கார் முழுவதும் பக்கவாட்டில் உதறும், உங்கள் தலை கண்ணாடிப் பக்கம் போய்வரும். மேலும் கீழுமான குலுக்கலை உடல் பொறுத்துக்கொள்ளும். இந்தத் தலை ஆட்டம்தான் சீக்கிரம் சலிப்பைத் தரும், கழுத்தையும் வலிக்க வைக்கும்.

காதையும் தீட்டி வையுங்கள். "தப்" என்று மூடிய சத்தம் வந்து முடிந்தால் அடி கட்டுக்குள் இருக்கிறது. "டங்" என்று உலோகம் அதிர்ந்தாலோ டாஷ்போர்டு கிறீச்சிட்டாலோ, உண்மையான அடி சிறியதாக இருந்தாலும் மனம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும். பலர் கையில் போய்வந்த டெஸ்ட் டிரைவ் வண்டியில் ஓரிரு சத்தம் இருப்பது இயல்பு, அதற்காக ஒரு மாடலையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் ஸ்டீயரிங் தண்டு கையில் படபடத்தால் விசாரியுங்கள்.

படி 6: மேம்பாலமும் நெடுஞ்சாலையும்

கத்திப்பாரா போன்ற மேம்பாலங்களில் சீரான இடைவெளியில் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்கள், அதாவது பாலத்தின் துண்டுகள் சேரும் இணைப்புகள், வரும். 50 கி.மீ. வேகத்தில் அவற்றைத் தாண்டும்போது ஒவ்வொன்றும் ஒரே ஒரு தட்டாக முடிகிறதா, அல்லது ஒரு தட்டின் அதிர்வு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறதா என்று எண்ணுங்கள்.

மனித உடல் செங்குத்தான அதிர்வை மிகவும் உணர்வது நொடிக்கு 4 முதல் 8 முறை என்ற அளவில். வயிறும் நெஞ்சும் அந்தத் தாளத்தில் சேர்ந்து நடுங்கும். நெடுஞ்சாலையில் சாலை நன்றாகத் தெரிந்தும் உள்ளே ஓயாத ஒரு நடுக்கம் இருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் விடாதீர்கள். ஒரு பெரிய அடியை மறந்துவிடலாம், திண்டிவனம் வரை கூடவே வரும் நடுக்கத்தை மறக்க முடியாது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. விறைப்பான கார்கள் பல, வேகம் கூடக் கூடச் சாலையோடு ஒத்துப்போகும். 30 கி.மீ. வேகத்தில் முரண்டு பிடித்தது 90இல் சமர்த்தாகிவிடும். நீங்கள் வாரக் கடைசியில் மட்டும் வெளியே எடுப்பவர் என்றால் இதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம். வேக வரம்புக்குள் நின்றே இதைச் சோதிக்க முடியும்.

படி 7: மோடுகள்

கம்ஃபர்ட், ஸ்போர்ட் என்று பொத்தான் இருந்தால் இரண்டிலும் ஒரே பள்ளத்தைக் கடந்து பாருங்கள். பொதுவாக இந்தப் பொத்தான் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை மட்டுமே மாற்றுகிறது. இரும்பு ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் முரடு, ஷாக் அப்சார்பர் தளர்வு என்ற சேர்க்கையில் சில கார்கள் கம்ஃபர்ட்டில்தான் அதிகம் துள்ளும். அப்படியானால் ஸ்போர்ட் மோடே தேவலை என்றுகூடத் தோன்றும். ஆகவே பொத்தானின் பெயரை நம்பாமல் உடம்பை நம்புங்கள்.

கைப்பேசியில் ஆப் வைத்து அதிர்வை அளக்கிறவர்கள் இருக்கிறார்கள். கப் ஹோல்டரில் கிடக்கும் கைப்பேசி தன் சொந்த ஆட்டத்தையும் சேர்த்தே அளக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

படி 8: பக்கத்து இருக்கை

திரும்பி வரும்போது ஸ்டீயரிங்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஓட்டுபவருக்கு அடுத்த பள்ளம் கண்ணில் படும், உடல் தானாகத் தயாராகிவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. கைப்பேசியில் வந்த ஒரு செய்தியைப் படித்துப் பாருங்கள். எழுத்துகள் நின்று தெரிந்தால் வீட்டில் சண்டை வராது.

இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது காரின் எடை கூடுவதால் அசைவு சற்று மெதுவாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1,400 கிலோ எடையுள்ள காரில் ஒருவர் இறங்கினால் வித்தியாசம் சிறிது, ஆனாலும் உண்டு. தனியாக ஓட்டும்போது நீங்கள் சோதித்ததைவிடச் சற்றே விறைப்பாக இருக்கும்.

படி 9: பதிவும் டெலிவரியும்

ஓட்டி முடித்த அன்றே பணம் கட்டாதீர்கள். மறுநாள் காலையில் கழுத்தும் இடுப்பும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முடிந்தால் ஒரு முறை மாலை நெரிசலிலும் ஓட்டக் கேளுங்கள். பதிவுப் படிவத்தில் சக்கர அளவு, டயர் வகை, சஸ்பென்ஷன் வகை மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன "அதே மாதிரிதான் சார் வரும்" செல்லாது.

டெலிவரி அன்று கார் டெஸ்ட் டிரைவில் ஓட்டியதைவிட முரடாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கப்பலிலும் லாரியிலும் ஏற்றி வரும்போது டயரில் கூடுதல் காற்று வைப்பதுண்டு. சில கார்களில் ஸ்பிரிங் அசையாமல் இருக்கச் சிறு கட்டைகளையும் செருகியிருப்பார்கள். டெலிவரிக்கு முன் இரண்டையும் சரிசெய்வது ஷோரூமின் வேலை. அழுத்தத்தை ஸ்டிக்கரில் உள்ளபடி வைத்தாயிற்றா, கட்டைகளை எடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுச் சாவியை வாங்குங்கள்.