ஜாஸ் ஃப்யூஷன்: ஆரம்பத்திலேயே ஆர்வத்தைக் கெடுக்கும் தவறுகள்

ஜாஸோடு ராக்கும் ஃபங்க்கும் கலந்த ஜாஸ் ஃப்யூஷன் கேட்க ஆசை, எதில் தொடங்கலாம் என்று விசாரித்தால் பெரும்பாலும் வரும் பதில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' (1970). மகத்தான ஆல்பம்தான். ஆனால் முதல் டிராக்கே 20 நிமிடம். இரண்டு டிரம்ஸ், இரண்டு பாஸ், மூன்று எலெக்ட்ரிக் பியானோ எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். நானும் அதில்தான் ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு ஒரு வருடம் இந்த இசைப் பக்கமே திரும்பவில்லை. அந்த ஒரு வருடம் வீணாகப் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. வரலாற்றில் முக்கியமான ஆல்பம் என்பதற்காக அதையே முதலில் கேட்க வேண்டியதில்லை.

முதலில் கேட்க வேண்டியது கீபோர்ட் கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'கமீலியன்'. 1973இல் வந்த 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தின் முதல் டிராக், பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகும். இதற்கு மூன்று நிமிடத்துக்குள் சுருக்கிய வடிவமும் உண்டு. நேரமில்லை என்று அதைக் கேட்டுவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

ஒரு பாஸ் வரி, அதாவது தாழ்ந்த சுரங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி, தனியாகத் தொடங்கும். பாஸ் கிதார் என்று நினைப்போம். உண்மையில் அது ஹான்காக் சிந்தசைசரில் வாசிப்பது. அப்புறம் டிரம்ஸ் வந்து சேரும். பாஸ் கிதார் கலைஞர் பால் ஜாக்சனோ மேல் ஸ்தாயியில், ரிதம் கிதார் போல வேறொன்றை வாசித்துக்கொண்டிருப்பார். இத்தனையும் அமைந்த பிறகுதான் சாக்ஸபோன் மெட்டை எடுக்கும். ஏறக்குறைய பாதி வழியில் அந்தப் பாஸ் வரியே மாறி, டிராக் வேறு ஊருக்குப் போய்விடும். சுருக்கிய வடிவத்தில் இந்தப் பயணத்துக்கு இடமே இல்லை.

நம்மில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பாட்டு கேட்டே வளர்ந்த காது, பல்லவி எப்போது வரும் என்று காத்திருக்கும். வராது. மெட்டைத் தேடுவதை விட்டுவிட்டு, முதல் தடவை பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அடுத்த தடவை டிரம்ஸ். மூன்றாவது தடவை மற்றதெல்லாம் தானாகக் காதில் விழும். போன் ஸ்பீக்கரில் இந்தப் பாஸ் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும், அதனால் சுமாரான இயர்போனாவது வேண்டும்.

அடுத்தது வெதர் ரிப்போர்ட் குழுவின் 'பேர்ட்லேண்ட்' (1977). ஆறே நிமிடம், முணுமுணுக்கத் தோன்றும் மெட்டு. ஆரம்பத்தில் உச்சத்தில் ஒலிக்கும் அந்த மெட்டைக் கேட்டு யாரோ கிதார் வாசிக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். அந்தக் குழுவில் கிதார் கலைஞரே கிடையாது. ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் பாஸ் கிதாரில் எழுப்பும் ஹார்மோனிக்ஸ் அது, கம்பியை லேசாகத் தொட்டு வரவழைக்கும் உச்ச ஒலி.

வேகத்தை வைத்து எடை போடுவதும் தவறு. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவில் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் விரல் வேகம் மலைக்க வைக்கும், சரி. ஆனால் 1969இல் மைல்ஸின் 'இன் எ சைலன்ட் வே' ஆல்பத்தில் அதே மெக்லாஃப்லின் எவ்வளவு குறைவாக, எவ்வளவு மெதுவாக வாசிக்கிறார் என்று கேளுங்கள். அந்த இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தின் தொடக்கமே முடிவிலும் திரும்ப வரும். அவர்கள் மறுபடி வாசித்ததல்ல, தயாரிப்பாளர் டியோ மாசெரோ டேப்பை வெட்டி ஒட்டியது. 'பிட்சஸ் ப்ரூ'வுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, நம் ஊர் சம்பந்தப்பட்டது. இங்கே ஃப்யூஷன் என்றால் கர்நாடக வயலினோடு டிரம்ஸ் செட்டை மேடையேற்றுவது என்ற எண்ணம் இருக்கிறது. ஜாஸ் ஃப்யூஷன் பிறந்தது ஜாஸோடு ராக்கும் ஃபங்க்கும் மின் வாத்தியங்களும் சேர்ந்தபோது. மெக்லாஃப்லின் அந்த மின்சாரத்தையெல்லாம் அணைத்துவிட்டு எல்.சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு உட்கார்ந்ததுதான் 'சக்தி'. 1975இல் மேடையில் பதிவான 'ஜாய்' 18 நிமிடம். அவ்வளவு நேரம் முதலிலேயே வேண்டாம் என்றால், அவர்களின் இரண்டாவது ஆல்பத்தில் 'லா டான்ஸ் து பொனேர்' இருக்கிறது. தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் தொடங்கும். தாளம் போட்டுப் பழகிய கை தானாகத் தொடைக்குப் போய்விடும்.