இரண்டாம் ட்ரம்பெட்டின் தாளை முதலில் பாருங்கள்

கிறிஸ்மஸுக்கு நோட்ஸ் தேர்ந்தெடுக்கிற வேலையை ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். நவம்பர் வரை தள்ளிப் போட்டால், கையில் கிடைத்ததைத்தான் பாட வேண்டி வரும். காட்பாடியில் ஒரு சபையின் கொயரையும் அதோடு சேர்ந்த சின்ன பிராஸ் பேண்டையும் நான் நடத்துகிறேன். குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கத்துக் கொயர் மாஸ்டர்களும் பேண்டு செட் தம்பிகளும் ஒரு தாளைப் போட்டோ எடுத்து அனுப்பி, "அண்ணா, இது நமக்குச் சரிவருமா?" என்று கேட்பது வழக்கம். யார் அனுப்பினாலும் நான் முதலில் பார்ப்பது மேல்வரியை அல்ல. ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்), இரண்டாம் ட்ரம்பெட், டெனர் (ஆண்களின் மேல்குரல்), யூபோனியம் (கனத்த ஒலியுள்ள பெரிய பித்தளைக் குழல்) ஆகியவற்றின் வரிகளைத்தான். மெட்டு எல்லாருக்கும் தெரிந்தது. சொப்ரானோவும் (பெண்களின் மேல்குரல்) முதல் ட்ரம்பெட்டும் அதை எப்படியும் பிடித்துவிடுவார்கள். பாட்டு நிற்பதும் விழுவதும் உள்ளே ஓடுகிற வரிகளில்தான்.

உள்வரி நல்லதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, அதை மட்டும் தனியாகப் பாடிப் பாருங்கள். எட்டு பார் (தாளக்கட்டம்) ஒரே சுரத்தில் நிற்கவிட்டு, ஒன்பதாவது பாரில் திடீரென்று தூரத்து ஷார்ப் (அரைச்சுரம் ஏற்றிய சுரம்) ஒன்றுக்குத் தாவச் சொல்கிற ஆல்டோ வரியை யாராலும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. பக்கத்துப் பக்கத்துச் சுரங்களாக நடந்துபோகிற வரி இரண்டே பயிற்சியில் வாய்க்கு வந்துவிடும். இன்னொன்று, ஓய்வுக்குப் பிறகு அந்தக் குரல் நுழைகிற இடம். நுழைய வேண்டிய சுரத்தை அதற்குச் சற்று முன்பு வேறு யாராவது பாடியிருக்கிறார்களா என்று பாருங்கள். பாடியிருந்தால் காதில் இருக்கும், எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

அப்புறம் ஆள் கணக்கு. நம் ஊர்க் கொயர்களில் சொப்ரானோவுக்குப் பஞ்சமே இல்லை, டெனருக்குத்தான் பஞ்சம். ஆண்களில் பாதிப் பேர் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறார்கள். சனிக்கிழமை சாயங்கால ரயிலில் காட்பாடியில் வந்து இறங்கி, நேராகப் பயிற்சிக்கு வருகிறவர்கள் எங்களிடம் உண்டு. அவர்களை நம்பி நான்கு குரல், ஆறு குரல் என்று எடுத்து, அன்றைக்கு ரயில் தாமதமானால் டெனர் வரியே காலி. இப்படிப்பட்ட குழுவுக்கு சொப்ரானோ, ஆல்டோ, ஆண்கள் என்று மூன்று குரலில் எழுதிய பதிப்புதான் சரியான தேர்வு. மூன்று குரல் என்பதால் தரம் குறைந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே வரியை நம்பிக்கையோடு பாடும்போது வருகிற கனம், இரண்டு பேர் தயங்கித் தயங்கிப் பாடுகிற டெனர் வரியில் வராது.

சுர எல்லையையும் பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற சொப்ரானோ ஸ்டாஃபை, அதாவது சுரம் எழுதும் ஐந்து கோடுகளை, தாண்டி மேலே ஏ வரைக்கும் போவார். ஞாயிறு காலை ஆராதனைக்கு வீட்டு வேலையை முடித்துவிட்டு ஓடி வருகிற அக்காக்களுக்கு, ஸ்டாஃபின் மேல்கோட்டில் இருக்கிற எஃப் போதும். ஆல்டோ நடு சி-க்குக் கீழே ஏ வரை இறங்கினால் போதும். பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) வரி, பேஸ் கிளெஃபின் (தாழ்ந்த சுரங்களுக்கான கோட்டுக் குறி) அடிக்கோட்டு ஜி-க்குக் கீழே அடிக்கடி போனால் அங்கே காற்றுதான் வரும். ஒரே ஒரு உச்சச் சுரத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம். அந்த உயரத்தில் எத்தனை பார் உட்கார வைக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். தொட்டுவிட்டு இறங்குகிற எஃப் யாரையும் களைப்பாக்காது. எட்டு பார் டி-யிலும் ஈ-யிலுமே சுற்றுகிற வரி தொண்டையைக் கட்டிவிடும்.

இனி ஸ்கேல், அதாவது பாட்டு எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டது என்கிற விஷயம். பேண்டும் கொயரும் சேருகிற இடத்தில் பெரும்பாலான சிக்கல் இங்கேதான் பிறக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நம்மிடம் இருக்கிற ட்ரம்பெட் பி ஃபிளாட் ட்ரம்பெட். அதற்கு சி என்று எழுதினால் காதில் விழுவது பி ஃபிளாட். எனவே கொயர் பாடுகிற ஸ்கேலுக்கு ஒரு முழுச்சுரம் மேலே அதற்கு எழுதித் தர வேண்டும். கிளாரினெட்டுக்கும் இதே கணக்கு. ஆல்டோ சாக்ஸ் ஈ ஃபிளாட் வாத்தியம், அதற்கு மேஜர் சிக்ஸ்த் (ஒன்பது அரைச்சுரம்) மேலே. பிரெஞ்சு ஹார்னுக்கு ஐந்தாம் சுரம் மேலே. டிராம்போன் பேஸ் கிளெஃபில் எழுதியதை எழுதியபடியே வாசிக்கும்.

இதை ஒரு பாட்டில் வைத்துப் பாருங்கள். கொயர் எஃப் மேஜரில் பாடினால் ட்ரம்பெட்டுக்கு ஜி மேஜர், ஒரே ஷார்ப். ஆல்டோ சாக்ஸுக்கு டி மேஜர், இரண்டு ஷார்ப். ஹார்னுக்கு சி மேஜர், ஒன்றுமே இல்லை. அதே பாட்டை கிட்டார் தம்பி கேட்கிறார் என்று டி மேஜருக்கு மாற்றினால் ட்ரம்பெட்டுக்கு ஈ மேஜர், நான்கு ஷார்ப். சாக்ஸுக்கு பி மேஜர், ஐந்து ஷார்ப். பத்தாம் வகுப்பு படிக்கிற பையனிடம் ஐந்து ஷார்ப் தாளைக் கொடுத்துவிட்டு, 'சரியாக வாசிக்கவில்லை' என்று கோபப்படுவது நியாயமே இல்லை. கிட்டாருக்கு ஜி, டி, ஏ, ஈ சௌகரியம். பிராஸுக்கு எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட் சௌகரியம். கிட்டாருக்கு கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கிளிப்) இருக்கிறது, கீபோர்டுக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. ட்ரம்பெட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. எனவே பேண்டு சேருகிற பாட்டில் ஸ்கேலை பேண்டு முடிவு செய்யட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பழைய பெரிய கொயர் பாட்டுகளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஹாண்டலின் ஹல்லேலூயா கோரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது டி மேஜரில் இருக்கிறது. அவர் காலத்து ட்ரம்பெட்டில் வால்வு கிடையாது, அது டி-யிலேயே ஒலிக்கிற குழல். இணையத்தில் கிடைக்கிற மூலப் பிரதியில் ட்ரம்பெட் தாளை இறக்கினால், அது அந்த டி ட்ரம்பெட்டுக்கு எழுதியதாக இருக்கலாம். அப்படியென்றால் பார்க்க ஷார்ப் எதுவும் இல்லாமல் எளிதாகத் தெரியும். நம் பையன் பி ஃபிளாட் ட்ரம்பெட்டில் அதை அப்படியே ஊதினால், கொயர் டி-யில் இருக்கும்போது இவன் பி ஃபிளாட்டில் இருப்பான். தாளின் இடது மேல் மூலையில் எந்த வாத்தியத்துக்கு, எந்தச் சுருதிக்கு என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் பிரிண்ட் போடாதீர்கள்.

யூபோனியத்துக்கு இன்னொரு கேள்வி உண்டு. வாசிப்பவர் எந்த கிளெஃப் படித்தவர்? ஆங்கிலேய பிராஸ் பேண்டு வழியில் கற்றவர்கள் டிரெபிள் கிளெஃபில் படிப்பார்கள். அதில் எழுதியதற்கு மேஜர் நைன்த் (ஒரு ஸ்தாயியும் ஒரு முழுச்சுரமும்) கீழே ஒலிக்கும். மற்றவர்கள் பேஸ் கிளெஃப் படிப்பார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த மாமா போலீஸ் பேண்டில் இருந்தவர். செட் வாங்கும்போது யூபோனியத்துக்கு இரண்டு கிளெஃபிலும் தாள் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்காமல் அவர் காசு கொடுக்க மாட்டார். நல்ல பதிப்பாளர்கள் இரண்டையும் வைத்தே தருவார்கள்.

பாமாலை (மேல்நாட்டு மெட்டில் பாடும் சபைப் பாட்டு) மாதிரி நான்கு குரல் பாட்டுகளைப் பேண்டுக்கு எடுக்கும்போது உதட்டை நினைவில் வையுங்கள். அந்த வரிகள் பாடுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை, நடுவில் ஓய்வே இருக்காது. ஐந்து சரணத்தையும் முதல் ட்ரம்பெட் விடாமல் ஊதினால் நான்காவதில் உதடு விட்டுப்போகும், சுருதி கீழே சரியும். பிராஸுக்கென்றே எழுதிய பதிப்பில் மெட்டு வாத்தியத்துக்கு வாத்தியம் கைமாறும். அப்படிப்பட்டது கிடைக்கவில்லை என்றால் சரணங்களைப் பங்கு போடுங்கள். முதலும் கடைசியும் எல்லாரும், நடுவில் ஒன்று டிராம்போனும் யூபோனியமும் மட்டும், ஒன்று கொயர் மட்டும். ட்ரம்பெட் தாளில் ஸ்டாஃபுக்கு மேலே உட்காரும் ஜி வரை எந்தப் பையனும் நம்பி வாசிக்கலாம். சொப்ரானோவின் எஃப்-தான் அந்த ஜி. பாடுகிறவருக்குச் சௌகரியமான எல்லை ஊதுகிறவருக்கும் சௌகரியமாக அமைவது நல்ல வசதி.

எங்கள் கொயரில் மூத்தவர்கள் ஸ்டாஃப் பார்த்துப் படிப்பதில்லை. டோ, ரே, மீ என்று எழுத்தாலேயே சுரத்தைக் குறிக்கும் டானிக் சோல்-ஃபாதான் அவர்களுக்கு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய முறை, மிஷன் பள்ளிகளும் சபைகளும் வழியாக நம்மிடம் வேர்விட்டது. டோ எங்கே என்று தலைப்பில் சொல்லிவிட்டால் போதும், ஸ்கேல் மாறினாலும் தாளை மாற்ற வேண்டியதில்லை. இரண்டு முறையிலும் அச்சிட்ட பதிப்பு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். அறுபது வயதுப் பெரியவரும் பதினைந்து வயதுப் பெண்ணும் ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க அது ஒன்றே வழி.

தமிழில் வார்த்தை போட்ட மேல்நாட்டு மெட்டுகளை எடுக்கும்போது, அசை எண்ணிக்கை பொருந்துகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். 8.6.8.6 (அடிக்கு அடி எட்டு, ஆறு அசை) மெட்டுக்கு 8.6.8.6 வரி பொருந்தத்தான் செய்யும். ஆனால் நீண்ட சுரத்தில் குறில் விழுந்தால் 'மலை' 'மாலை' ஆகிவிடும், 'படி' 'பாடி' ஆகிவிடும். ஒவ்வொரு பாரின் நீளமான சுரத்திலும் நெடிலோ, மெய்யில் முடிகிற அசையோ இருக்கிறதா என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். முதல் சரணம் சரியாக இருந்து மூன்றாவது சரணம் கெடுகிற பாட்டுகள் நிறைய. மூன்றாவதை விட்டுவிட்டுப் பாடலாம், தப்பில்லை.

கீர்த்தனைகளுக்கு ஹார்மனி போட்ட தாள்கள் இப்போது நிறைய வருகின்றன. இங்கே ரொம்பக் கவனம் தேவை. மோகனத்தில் ஒரு கீர்த்தனை என்று வைத்துக்கொள்வோம். ஸ ரி க ப த, அவ்வளவுதான். மவும் நியும் கிடையாது. ஹார்மனி போடுகிறவர் வழக்கமான நான்காம் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரம்) போட்டால் உள்ளே ம வந்துவிடும், ஐந்தாம் கார்டைப் போட்டால் நி வந்துவிடும். மெட்டில் ஒரு சுரமும் மாறவில்லை, ஆனால் மோகனம் போய்விட்டது. ஆல்டோ, டெனர் வரிகளில் ஃபாவும் (ம) டீயும் (நி) எத்தனை இடத்தில் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கீழ்க்குரல்கள் ஸ-பவில் நின்று, மற்றவர்கள் அந்த ஐந்து சுரத்துக்குள்ளேயே நகருகிற அமைப்பைத் தேடுங்கள். கமகம் நிறைந்த கீர்த்தனைக்கு ட்ரம்பெட்டைவிட கிளாரினெட்டும் டிராம்போனும் பொருத்தம்.

தெருவில் வாசிக்க வேறு அளவுகோல். கீத பவனியிலும் (கிறிஸ்மஸ் பாட்டு ஊர்வலம்) குருத்தோலை பவனியிலும் இரண்டு வரிக்கு மேல் காதில் விழாது. மெட்டும் பேஸும் பலமாக இருக்கிற, சைட் டிரம்மோடு போகிற தாளை எடுங்கள். மே மாத வேலூர் வெயிலில் குழல் சூடேறிச் சுருதி ஏறும், கீபோர்டு தன் 440 ஹெர்ட்ஸ் சுருதியிலேயே நிற்கும். அந்த மாதத் திறந்தவெளிக் கூட்டத்துக்குக் கீபோர்டு இல்லாத பாட்டே நல்லது.

நோட்ஸ் கிடைக்கிற இடங்களில் கட்டணமில்லாத இணையதளங்கள் இரண்டு: வாத்திய இசைக்கு ஐஎம்எஸ்எல்பி (IMSLP), கொயருக்கு சிபிடிஎல் (CPDL). நம் நாட்டுச் சட்டப்படி, இசையமைத்தவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. 1950-ல் இறந்தவரின் இசை 2011 முதல் எல்லாருக்கும் பொது. ஆனால் அதை இன்று ஒருவர் பேண்டுக்குப் புதிதாக எழுதியிருந்தால் அந்த அரேஞ்ச்மென்டுக்குத் தனி உரிமை இருக்கிறது. ஆராதனையிலும் கல்யாண ஊர்வலத்திலும் வாசிப்பதற்குச் சட்டம் விலக்கு தருகிறது, ஜெராக்ஸ் போட அது விலக்கு தரவில்லை. இருபது பேர் பாடினால் இருபது பிரதி வாங்குங்கள். எழுதியவருக்கும் வயிறு இருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் சென்னை அண்ணா சாலையில் இருக்கிற, 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிகல் இசைக் கடைக்கு ஒரு நாள் போய் வரலாம். ஸ்கேல் ஒத்துவராத பழைய பாட்டை மியூஸ்ஸ்கோர் என்கிற நோட்ஸ் எழுதும் மென்பொருளில் அடித்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதுவே மாற்றித் தரும். பாமாலை அளவுள்ள பாட்டுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு பரீட்சை செய்துவிடுங்கள். ஆல்டோவில் ஒருவர், டெனரில் ஒருவர், இரண்டாம் ட்ரம்பெட், யூபோனியம், இந்த நான்கு பேரை மட்டும் அரைமணி முன்னதாக வரச் சொல்லுங்கள். மெட்டு இல்லாமல், மெதுவாக, முதலிலிருந்து கடைசி வரை போகட்டும். தடுமாறினாலும் முடிவு வரை போய்ச் சேர்ந்தால் மறுநாளே ஆர்டர் போடலாம். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நின்றுபோனால் அந்தத் தாளை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வையுங்கள். இந்த ஆண்டு அதே பாட்டை எல்லாரும் ஒரே குரலில் பாடட்டும், கடைசி சரணத்தில் மட்டும் ட்ரம்பெட் சேரட்டும்.