சட்ட மேலவைத் தேர்தல் முடிவை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் மேலவை 1986-இல் கலைக்கப்பட்டுவிட்டது. அதனால் நம் செய்தி மேசைகளுக்கு வரும் இளைஞர்கள் எம்எல்சி எனப்படும் மேலவை உறுப்பினர் தேர்தல் ஒன்றை அருகிலிருந்து பார்க்காமலேயே, மகாராஷ்டிரம், ஆந்திரம், கர்நாடகம், தெலங்கானா, உத்தரப் பிரதேசம், பிகார் ஆகிய ஆறு மாநிலங்களின் மேலவை முடிவுகளை எழுதும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். மக்களவைத் தேர்தலுக்குப் பழகிய கண்ணோடு இந்த எண்களைப் பார்ப்பதுதான் தொல்லையின் தொடக்கம். நானும் இவற்றில் சிலவற்றைச் செய்தவன்தான். பெயர் பிழை, கட்சி பிழை போன்றவற்றை மெய்ப்புப் பார்ப்பவரே பிடித்துவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எந்த வாசல் வழியாக வந்தவர் என்று பாராமல் எழுதுவது

மேலவை உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரை எம்எல்ஏக்களும், மூன்றில் ஒரு பங்கினரை உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்களும், பன்னிரண்டில் ஒரு பங்கினரைப் பட்டதாரிகளும், அதே அளவினரை ஆசிரியர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். மீதியை ஆளுநர் நியமிக்கிறார். 2022 மார்ச்சில் உத்தரப் பிரதேசப் பேரவைத் தேர்தலில் 111 இடங்களை வென்ற சமாஜ்வாதி கட்சி, அடுத்த மாதமே உள்ளாட்சித் தொகுதிகளுக்கான 36 மேலவை இடங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. பாஜக 33 இடங்களை எடுத்துக்கொண்டது, அவற்றில் ஒன்பது போட்டியின்றிக் கிடைத்தவை. இதை ஒரே மாதத்தில் மக்கள் மனம் மாறியதாக எழுதியவர்கள் உண்டு. வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர், உள்ளாட்சி உறுப்பினர்கள். அவர்களுக்கு லக்னோவில் யார் ஆள்கிறார்கள் என்பதே பெரிய கணக்கு.

நியமன உறுப்பினர்கள்

தேர்தல் முடிவுப் பட்டியலில் இவர்களைச் சேர்க்காதீர்கள்.

இரண்டாம் விருப்ப வாக்கை இன்னொரு வாக்காக எண்ணுவது

மேலவைத் தேர்தலில் வாக்களிப்பவர் ஒரே சீட்டில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையில் குறிக்கிறார். அந்த 2-ஐத் தனி வாக்காக எண்ணும் தவறு இன்றும் என்னை எரிச்சலூட்டுகிறது. 2024 ஜூலை 12 அன்று மகாராஷ்டிரத்தில் எம்எல்ஏக்கள் வாக்களித்த தேர்தலில் 11 இடங்களுக்கு 12 பேர் போட்டியிட்டார்கள். அன்று மாலை ஒரு மேசையில், புதிதாகச் சேர்ந்த நிருபர் ஒருவர் ஒவ்வொரு வேட்பாளருக்கும் முதல் விருப்ப வாக்குகளையும் இரண்டாம் விருப்ப வாக்குகளையும் கூட்டி ஒரு பட்டியல் போட்டிருந்தார். 274 பேர் வாக்களித்த தேர்தலில் அவருடைய மொத்தம் நானூறைத் தாண்டியிருந்தது. அதைக் கவனிக்க ஆள் இல்லாத வேறொரு பதிப்பில் அதே வகைப் பட்டியல் அச்சாகி, மறுநாள் திருத்தம் வெளியிட நேர்ந்தது. முந்தைய நாள் பட்டியலைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தத் திருத்தத்தைப் பார்த்திருப்பார்கள்?

உண்மையில் நடப்பது இது. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களை நிரப்பும்போது செல்லும் வாக்குச்சீட்டு ஒவ்வொன்றுக்கும் 100 என்று மதிப்பு கொடுக்கப்படுகிறது. மொத்த மதிப்பை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, ஒன்றைச் சேர்த்தால் கிடைப்பதே கோட்டா, அதாவது வெல்லத் தேவையான மதிப்பு. 274 சீட்டுகளும் செல்லும் என்று கொண்டால் 27,400-ஐ 12-ஆல் வகுக்க 2,283. ஒன்று சேர்த்தால் 2,284. ஆகவே முதல் சுற்றிலேயே வெல்ல 23 முதல் விருப்ப வாக்குகள் தேவை. ஒன்றிரண்டு சீட்டுகள் செல்லாமல் போனாலும் இந்த 23 மாறாது.

பாஜகவின் பங்கஜா முண்டே உள்ளிட்ட நால்வருக்குத் தலா 26 முதல் விருப்ப வாக்குகள் கிடைத்தன. அதே அணியின் சதாபாவு கோத் பெற்றவை 14 மட்டுமே. உத்தவ் தாக்கரே சிவசேனையின் மிலிந்த் நார்வேகர் 22 பெற்றார். சரத் பவாரின் ஆதரவுடன் நின்ற உழவர் தொழிலாளர் கட்சியின் ஜெயந்த் பாட்டீல் 12 பெற்றார். 14 பெற்றவர் எப்படித் தேறினார் என்று கேட்டால், புதியவர்கள் "இரண்டாம் விருப்பத்தில் நிறைய வாக்கு வாங்கினார்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அந்தப் பதிலில் பாதிதான் சரி.

26 வாக்கு பெற்றவரின் மதிப்பு 2,600. கோட்டா போக உபரி 316. அந்த 316 மட்டும்தான் அடுத்த விருப்பத்துக்குப் போகிறது. 26 சீட்டுகளும் முழு மதிப்போடு போவதில்லை. எல்லாச் சீட்டிலும் அடுத்த விருப்பம் குறிக்கப்பட்டிருந்தால், 316-ஐ 26-ஆல் வகுத்துச் சீட்டுக்கு 12 என்று மதிப்பு குறைகிறது. நான்கு கட்டுகளிலும் அடுத்த பெயர் கோத்தாகவே இருந்தால் அவருக்குச் சேர்வது 1,248. தம்முடைய 1,400-ஐயும் கூட்டினால் 2,648, கோட்டாவைத் தாண்டிய எண். அதாவது 104 பேர் அவரை இரண்டாவதாக எழுதியிருந்தாலும், அவை பன்னிரண்டரை வாக்குக்குச் சற்றுக் குறைந்த பலத்தைத்தான் தரும். நார்வேகருக்குத் தேவைப்பட்டதோ வெறும் 84. தோழமைக் கட்சியான காங்கிரஸின் பிரத்ன்யா சாதவ் 25 வாக்கு பெற்றிருந்ததால், அந்தச் சிறு உபரியே நார்வேகரைக் கரையேற்றப் போதுமானது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கடைசியில் நிற்பவரை நீக்கும்போது அவருடைய சொந்தச் சீட்டுகள் 100 என்ற முழு மதிப்போடு அடுத்தவருக்குப் போகும். உபரியாகப் போகும் சீட்டுகள் மட்டுமே தேய்ந்து போகும். இந்த வேறுபாடு புரிந்தவருக்கு, ஒரு கட்சி தன் வாக்குகளை ஏன் ஒரே ஆளிடம் குவிக்காமல் கணக்குப் பார்த்துப் பிரிக்கிறது என்பதும் புரிந்துவிடும். அந்தப் பிரிப்பைத்தான் செய்தியாக எழுத வேண்டும். வாக்குகளின் கூட்டலை அல்ல.

அணி மாறியவர்களின் பெயரை உறுதியாக எழுதுவது

மாநிலங்களவைத் தேர்தலில் எம்எல்ஏ தம் சீட்டைக் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும். மேலவைத் தேர்தலில் அப்படி இல்லை. அது ரகசிய வாக்கெடுப்பு. 2023 மார்ச்சில் ஆந்திரத்தில் ஏழு இடங்களுக்கு எட்டுப் பேர் நின்றபோது, 2019-இல் வென்ற 23 எம்எல்ஏக்களில் நால்வரை ஆளுங்கட்சிப் பக்கம் இழந்திருந்த தெலுங்கு தேசத்தின் பஞ்சுமர்த்தி அனுராதா 23 வாக்கு பெற்று வென்றார். ஆளுங்கட்சியான ஒய்எஸ்ஆர் காங்கிரஸ், அணி மாறி வாக்களித்ததாகச் சொல்லித் தன் எம்எல்ஏக்கள் நால்வரை இடைநீக்கம் செய்தது. இடைநீக்கம் என்பது கட்சியின் முடிவு. வாக்குச்சீட்டு சொன்ன சாட்சியம் அல்ல. "கட்சி குற்றம்சாட்டுகிறது" என்று எழுதுங்கள்.

ஆட்சி கவிழ்ந்ததற்கு மேலவையைக் காரணமாக்குவது

அமைச்சரவை பேரவைக்கு மட்டுமே பொறுப்பானது. 2022 ஜூன் 20 அன்று மகாராஷ்டிர மேலவைத் தேர்தலில் பாஜக ஐந்து வேட்பாளர்களையும் வெல்லவைத்தது. உடனே சிவசேனை அமைச்சர் ஏக்நாத் ஷிண்டே தம் ஆதரவு எம்எல்ஏக்களுடன் சூரத்துக்குச் சென்றார். 29-ஆம் தேதி முதல்வர் உத்தவ் தாக்கரே பதவி விலகினார். மேலவை முடிவு விரிசலைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே. அரசைச் சாய்த்தது பேரவையின் எண்ணிக்கை.

பட்டதாரித் தொகுதியில் "முன்னிலை" போடுவது

இங்கே இடம் ஒன்றுதான் என்பதால் சீட்டின் மதிப்பு 1. கோட்டா, செல்லும் வாக்குகளில் பாதிக்கு மேல். 2021 மார்ச்சில் மகபூப்நகர்–ரங்காரெட்டி–ஹைதராபாத் தொகுதியில் 93 வேட்பாளர்கள் நின்றார்கள். ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளைப் பிரித்துக்கொண்டே போனதில் எண்ணிக்கை நாள்கணக்கில் நீண்டு, இறுதியில் முன்னாள் பிரதமர் நரசிம்ம ராவின் மகள் சுரபி வாணி தேவி வென்றார். முதல் சுற்றின் எண்களை "முன்னிலை" என்று தலைப்பில் ஏற்றுவோர், அடுத்தடுத்த விருப்பங்களைக் குறிக்காமல் விட்ட சீட்டுகள் இடையிலேயே தீர்ந்துவிடும் என்பதையும் மறக்கிறார்கள். அப்படித் தீர்ந்த சீட்டுகள் மிகுந்தால், எஞ்சிய இருவரில் கூடுதல் வாக்கு பெற்றவர் கோட்டாவை எட்டாமலேயே வென்றவராக அறிவிக்கப்படலாம். அந்த நேரத்தில் "பெரும்பான்மை பெற்று வெற்றி" என்ற வரி தட்டச்சில் தயாராக இருந்தால் நீக்கிவிடுங்கள்.