ஆங்கில வினைக்குப் பின் ‘என்னை’, ‘எனக்கு’, ‘என்னிடம்’

தமிழில் ‘அவனிடம் சொன்னேன்’, ‘அவனுக்காகக் காத்திருந்தேன்’ என வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிநின்று செய்யும் வேலையை ஆங்கிலத்தில் பெரும்பாலும் தனித்து நிற்கும் முன்னிடைச்சொல் (‘ஃபார்’, ‘டு’ போன்றது) செய்கிறது. எது வரும் என்பதை முடிவுசெய்வது வினைச்சொல். ஆகவே வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், ‘வெயிட் ஃபார் ஹிம்’, ‘லிசன் டு ஹர்’ என்று, பெயருக்குப் பதில் வரும் ‘ஹிம்’, ‘ஹர்’ போன்ற பிரதிப்பெயருடன் சேர்த்தே பழக வேண்டும்.

‘சொல்’ என்று நாம் பெயர்க்கும் இரு வினைகளைப் பாருங்கள்: ‘டெல் மீ’ என்பதில் கேட்பவர் நேரே வந்துவிடுகிறார், ‘சே’ என்ற வினைக்கோ ‘சே இட் டு மீ’ என்று ‘டு’ வேண்டும். ‘எக்ஸ்ப்ளெயின்’ இந்த இரண்டாம் வகை. ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்பது ‘எனக்கு விளக்கு’ என்று மனத்துக்குள் தமிழில் நினைப்பதால் வரும் பிழை. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘அபவுட்’ தேவையில்லை.

அதிகம் இடறுவது சொல்வரிசையில்தான். ‘பிக் அப் த பென்’, ‘பிக் த பென் அப்’ இரண்டும் சரி. பேனாவுக்குப் பதில் ‘இட்’ வந்துவிட்டால் ‘பிக் இட் அப்’ மட்டுமே சரி. ‘லுக் ஆஃப்டர்’ இப்படிப் பிரிவதில்லை; எப்போதும் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’தான். ஐயம் எழுந்தால் அகராதியின் எடுத்துக்காட்டைப் பாருங்கள்: பெயர்ச்சொல் நடுவில் வந்திருந்தால், பிரதிப்பெயரையும் அங்கேயே வைக்க வேண்டும்.