கூகுள் ஷீட்டில் ஆர்டர் எழுதினால் ட்ரெல்லோவில் கார்டு: மேக் வழியாக முதல் இணைப்பு

சின்ன அச்சகங்களில் ஆர்டர் வாங்குபவர் ஒருவர், வேலையை ஓட்டுபவர் இன்னொருவர். கவுண்டரில் இருப்பவருக்கு கூகுள் ஷீட்தான் வசதி. பெயர், என்ன வேலை, எத்தனை பிரதி, என்றைக்கு வேண்டும், அட்வான்ஸ் எவ்வளவு என்று ஒரே வரியில் தட்டிவிடலாம். உள்ளே டிசைன் பார்ப்பவருக்கும் மெஷினில் நிற்பவருக்கும் ட்ரெல்லோ போர்டு வசதி; ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டாக, அதன் நிலைக்குரிய லிஸ்ட்டில் இருப்பதால், எந்த வேலை எங்கே நிற்கிறது என்று பார்த்ததும் தெரியும். நடுவில் ஒருவர் உட்கார்ந்து இதிலிருந்து அதற்குக் காப்பி செய்துகொண்டிருந்தால், கல்யாண சீசனில் ஏதாவது ஒரு அழைப்பிதழ் ஆர்டர் விடுபட்டே தீரும். அந்த வேலையைத் தானாக நடக்க வைப்பதுதான் இந்தப் பதிவு. கோடிங் தெரிய வேண்டியதில்லை. அச்சகத்தை உதாரணமாக எடுத்திருக்கிறேன். தையல் கடை, சர்வீஸ் சென்டர், கேட்டரிங் எதற்கும் இதே வழிதான்.

இப்படி இரண்டு செயலிகளை இணைப்பதற்கு ஸேப்பியர் (Zapier), மேக் (Make) என்று பல இணையச் சேவைகள் இருக்கின்றன. நான் மேக்கைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நமக்கு மூன்று படிகள் வேண்டும்: ஷீட்டில் புது வரியைப் பார்ப்பது, கார்டு போடுவது, கார்டின் அடையாள எண்ணைத் திரும்ப ஷீட்டில் எழுதுவது. ஸேப்பியரின் இலவசத் திட்டம் இரண்டு படியோடு நின்றுவிடும். மேக்கில் அந்தத் தடை இல்லை. பழைய வீடியோக்களில் இன்டெக்ரோமேட் என்று வருவதும் இதுதான். 2022-இல் பெயர் மாறியது.

முதலில் எது யாருடையது என்று பிரியுங்கள்

கணினியைத் தொடுமுன் ஒரு தாளில் இதை எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர், வேலை, பிரதி எண்ணிக்கை, டெலிவரி தேதி, பணம் ஆகியவற்றின் சொந்த வீடு ஷீட். டிசைனில் இருக்கிறதா, ப்ரூஃப் (வாடிக்கையாளர் சரிபார்க்கும் மாதிரி) போயிருக்கிறதா, அச்சில் ஏறிவிட்டதா என்ற நிலையின் சொந்த வீடு ட்ரெல்லோ. ஒரே தகவலை இரண்டு இடத்திலும் ஆள் மாற்றி ஆள் திருத்தினால், எந்த மென்பொருளாலும் எது சரி என்று சொல்ல முடியாது. ஆட்டோமேஷன் குழம்பிப்போகும் இடங்களில் பெரும்பாலும் கோளாறு கருவியில் இருப்பதில்லை, இந்தப் பிரிவினையை யாரும் செய்யாததில்தான் இருக்கிறது.

ஷீட்டைத் தயார் செய்தல்

முதல் வரியில் தலைப்புகள்: ஆர்டர் எண், வாடிக்கையாளர், வேலை, பிரதிகள், டெலிவரி தேதி, குறிப்பு, கார்டு ஐடி. கடைசி நெடுவரிசையைக் காலியாக விடுங்கள், அதை மேக் நிரப்பும்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். நடுவில் வெற்று வரி இருக்கக் கூடாது. இருந்தால் அதற்குக் கீழே உள்ள வரிகளை மேக் படிக்காது. செக்பாக்ஸை முன்கூட்டியே 500 வரிக்கு இழுத்துவிடுவதும் கூடாது. டிக் போடாத செக்பாக்ஸுக்கும் உள்ளே ஒரு மதிப்பு உண்டு என்பதால், அந்த வரிகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியவை என்று ஆகிவிடும்.

அடுத்து ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய், லோகேல் (தேதி எழுதும் நாட்டு வழக்கம்) இந்தியா என்றும் டைம் ஸோன் கொல்கத்தா என்றும் இருக்கிறதா பாருங்கள். லோகேல் அமெரிக்காவாக இருந்தால் 05/06/2026 என்பதை ஷீட் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். நாம் சொன்னது ஜூன் 5.

ட்ரெல்லோ பக்கம் ஒரு போர்டு, அதில் லிஸ்ட்கள்: புது ஆர்டர், டிசைன், ப்ரூஃப், அச்சு, கட்டிங், டெலிவரி. அவ்வளவு போதும்.

மேக்கில் சினாரியோ

நம் மூன்று படிகளையும் சேர்த்த தொடரைத்தான் மேக் சினாரியோ என்கிறது. கணக்குத் தொடங்கி, கிரியேட் சினாரியோ பட்டனை அழுத்துங்கள். நடுவில் வரும் கூட்டல் குறியில் கூகுள் ஷீட்ஸைத் தேடி, வாட்ச் நியூ ரோஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் கணக்கை இணைத்து, ஃபைலையும் ஷீட்டையும் காட்டி, தலைப்பு வரி உண்டா என்ற கேள்விக்கு யெஸ் கொடுங்கள். லிமிட் என்ற இடத்தில் 10 போடுங்கள். ஒரு தடவை பார்க்கும்போது அதிகபட்சம் எத்தனை வரியை எடுக்க வேண்டும் என்பதுதான் அது. எங்கிருந்து தொடங்கட்டும் என்று கேட்டால் ஃப்ரம் நவ் ஆன். இங்கே ஆல் கொடுத்தால் போன வருட ஆர்டரும் கார்டாக வந்து நிற்கும்.

வலப்பக்கக் கூட்டல் குறியை அழுத்தி, ட்ரெல்லோவில் கிரியேட் எ கார்டு. போர்டையும் புது ஆர்டர் லிஸ்ட்டையும் தேர்ந்தெடுங்கள். நேம் பெட்டியில் ஷீட்டின் தலைப்புகளைச் சொடுக்கிச் சேர்க்கலாம். ஆர்டர் எண், வேலை, பிரதிகள் என்ற வரிசையில் வைத்தால் கார்டில் "214 – திருமண அழைப்பிதழ் – 500" என்று வரும். மெஷினில் நிற்பவருக்குத் தேவையானது இதுதான். வாடிக்கையாளர் பெயரையும் குறிப்பையும் டிஸ்கிரிப்ஷனில் போடுங்கள்.

டியூ டேட்டில்தான் (கெடு தேதி) எல்லோரும் தடுக்கி விழுவார்கள். ஷீட்டில் இருக்கும் தேதி மேக்குக்கு வெறும் எழுத்தாக வருகிறது. அதைத் தேதியாக மாற்ற பார்ஸ்டேட் (parseDate) என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்த வேண்டும். முதல் இடத்தில் டெலிவரி தேதி, இரண்டாம் இடத்தில் வடிவம்: டி இரண்டு, சாய்கோடு, எம் இரண்டு, சாய்கோடு, ஒய் நான்கு. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சின்ன எம் என்றால் மேக்குக்கு மாதம் இல்லை, நிமிடம். இப்படி மாற்றினாலும் கெடு அன்றைய நாள் பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கு விழும். காலையில் கடை திறக்கும்போதே கார்டு கெடு தாண்டியதாகக் காட்டும். அதனால் பார்ஸ்டேட்டை ஆட்ஹவர்ஸ் (addHours) என்ற ஃபங்ஷனுக்குள் வைத்து 18 கொடுங்கள். கெடு மாலை 6 மணிக்குப் போய்விடும். ட்ரெல்லோவில் நேரம் ஐந்தரை மணி தள்ளி வந்தால், மேக் கணக்கின் டைம் ஸோன் இந்தியாவாக இல்லை என்று பொருள்.

மூன்றாவது படி, மறுபடி கூகுள் ஷீட்ஸ், அப்டேட் எ ரோ. ரோ நம்பர் பெட்டியில் முதல் படியிலிருந்து வரும் ரோ நம்பர், கார்டு ஐடி பெட்டியில் ட்ரெல்லோ தந்த ஐடி. மற்றப் பெட்டிகளைக் காலியாகவே விடுங்கள், பழைய தகவல் அழியாது.

ஒரு காவல் வைப்போம். முதல் படிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் உள்ள கோட்டைச் சொடுக்கி ஃபில்டர் போடுங்கள்: கார்டு ஐடி காலியாகவும், டெலிவரி தேதி நிரம்பியும் இருந்தால் மட்டும் மேலே போக வேண்டும். ஒரே ஆர்டருக்கு இரண்டு கார்டு விழாது. தேதி எழுத மறந்த வரி கார்டாகாமல் நின்றுவிடும், மேக் அதைத் திரும்ப எடுக்காது. ஆகவே ஐடி காலியாக இருக்கும் வரிகளை மாலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சோதனையும் நேரமும்

ஷீட்டில் ஒரு பொய் ஆர்டர் எழுதி, மேக்கில் ரன் ஒன்ஸ் அழுத்துங்கள். கார்டும் வந்து, ஐடியும் ஷீட்டில் ஏறினால் வேலை முடிந்தது.

ஷெட்யூலிங்கை (எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓட வேண்டும் என்ற அமைப்பை) ஆன் செய்யும் முன் ஒரு கணக்கு. மேக் ஒவ்வொரு படியை ஓட்டும்போதும் கழிப்பது கிரெடிட்; இலவசத் திட்டத்தில் மாதம் 1000 கிரெடிட். புது வரி இல்லாவிட்டாலும், ஷீட்டைப் பார்ப்பதற்கே ஒவ்வொரு முறையும் ஒரு கிரெடிட் போகும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 96; பத்தே நாளில் தீர்ந்துவிடும். 60 நிமிடம் என்று மாற்றினால் 30 நாளைக்கு 720. மீதி 280. ஒரு ஆர்டருக்கு கார்டு போட ஒன்று, ஐடி எழுத ஒன்று என இரண்டு போகும் என்பதால் 140 ஆர்டர் தாங்கும். அச்சகத்தில் எந்த ஆர்டரும் ஒரு மணி நேரத்தில் கெட்டுப்போகாது, 60 போதும்.

ஷீட்டைத் தொடும் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டியவை

மேக் கடைசியாகப் பார்த்த வரி எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே வருவதை மட்டும் எடுக்கிறது. முடிந்த ஆர்டர் என்று 20 வரியை நீக்கினால், அடுத்து எழுதும் 20 ஆர்டர்கள் பழைய எண்களிலேயே வந்து உட்காரும். ஒன்றுக்கும் கார்டு வராது. பிழைச் செய்தியும் வராது. நீக்காதீர்கள், ஃபில்டர் வியூ (ஷீட்டின் மூல வரிசையைத் தொடாமல் வடிகட்டிப் பார்க்கும் வசதி) போட்டு மறையுங்கள். வரிசை மாற்றிப் பார்ப்பதையும் ஃபில்டர் வியூவிலேயே செய்யுங்கள், மூல வரிசை அசையாது. புது நெடுவரிசை தேவைப்பட்டால் வலது ஓரத்தில் மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஒன்றை நுழைத்தால், பிரதிகள் இருந்த இடத்தில் வேறொன்று போய் நிற்கும், கார்டில் தவறான எண்ணிக்கை அச்சுக்குப் போகும்.