ஸான்ஸிபாரில் கடல் எப்போது வரும்? ஓதம் பார்த்துப் பயண நாட்களைப் பிரிக்கும் முறை

தான்சானியாவைச் சேர்ந்த ஸான்ஸிபார் தீவுக்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று, கையில் ஐந்து நாள் இருக்கிறது, எந்த நாளில் எதைப் பார்ப்பது என்று குழம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசா, விமானம், டாலர் மாற்றுவது எல்லாம் இங்கே கிடையாது. அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். வேறு ஒரு விஷயத்தை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தத் தீவில் படகு எப்போது கிளம்பும், எப்போது குளிக்கலாம், எங்கே நடந்து போகலாம் என்பதையெல்லாம் ஓதம்தான், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவதுதான், முடிவு செய்கிறது.

நம்மில் பலருக்கு ஓதம் கண்ணில் படுவதே இல்லை. சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். ஸான்ஸிபாரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது 4 மீட்டர் அளவுக்குப் போகும். அதோடு பாஜே, ஜம்பியானி, மடெம்வே என்று கிழக்குக் கரை முழுவதும் தட்டையான மணல்வெளி, அதற்கு வெகுதூரம் தள்ளிப் பவளப்பாறை வரிசை. வற்றத்தின்போது தண்ணீர் அந்தப் பாறை வரிசைவரை இழுத்துக்கொண்டு போய்விடும். காலையில் அறையைவிட்டு வெளியே வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஈர மணல்தான் இருக்கும், படகுகள் சாய்ந்து கிடக்கும். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் இடுப்பளவு பச்சைத் தண்ணீர் நிற்கும்.

படி 1: தினசரி நாட்காட்டியை எடுங்கள்

வீட்டுச் சுவரில் தொங்குகிற அதே கிழிக்கும் நாட்காட்டிதான். நீங்கள் போகும் நாட்களின் திதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் ஓதம் மிகப் பெரியதாக இருக்கும். அஷ்டமி கழிந்து நவமி, தசமி வாக்கில் மிகச் சிறியதாக இருக்கும். அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் பெரிய ஓதத்துக்குப் பம்வுவா என்று பெயர். சிறிய ஓதத்தை மாஜி மாஃபு என்பார்கள், ‘செத்த தண்ணீர்’ என்று பொருள்.

இதில் பயணிக்கு மிகவும் பயன்படுகிற செய்தி ஒன்று உண்டு. ஸான்ஸிபாரில் பெரிய ஓத நாட்களில் கடல் வற்றுவது ஏறக்குறைய காலை 10, 11 மணிக்கு. நிரம்புவது மாலை 4, 5 மணிக்கு. சிறிய ஓத நாட்களில் இது அப்படியே தலைகீழாகும்: முற்பகலில் நிரம்பியிருக்கும், மாலையில் இறங்கும், அதுவும் முழுக்க வற்றாது. ஆகவே மணலிலும் பாறையிலும் நடக்க ஆசைப்பட்டால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். கிழக்குக் கரையில் காலையில் நீந்த வேண்டும் என்றால் அஷ்டமியை ஒட்டிப் போங்கள். விமானச்சீட்டு எடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

படி 2: ஓத அட்டவணை

திதி தோராயம்தான். துல்லியமான நேரத்துக்கு ஓத அட்டவணை வேண்டும். இணையத்தில் ஸான்ஸிபார் துறைமுகத்துக்கு எளிதாகக் கிடைக்கும். எண்களாக வரும் பட்டியலைவிட அலைபோல வளைந்து ஓடும் வரைபடத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது பார்த்த உடனே புரிந்துவிடும்.

அட்டவணையின் தலைப்பில் எந்த நேரம் என்று போட்டிருக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். தான்சானியா அதற்கு 3 மணி நேரம் முன்னால் இருக்கிறது, நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். சரியான நேரம்தான் என்று உறுதி செய்த பிறகு, ஐந்து நாளுக்கும் ஒரு தாளில் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதைக் கையால் எழுதும்போதுதான் மனசு பிடித்துக்கொள்கிறது. கடலோரத்தில் ஈரக் கையோடு கைபேசியை நோண்டவும் வேண்டாம்.

படி 3: சுவாஹிலிக் கடிகாரம்

இங்கேதான் நான் ஒரு முழு நாளை இழந்தேன். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஸான்ஸிபாரின் பழைய நகரமான ஸ்டோன் டவுனுக்கு எதிரே கடலுக்குள் ஒரு மணல்திட்டு இருக்கிறது. நக்குபெண்டா என்று பெயர், ‘உன்னை நேசிக்கிறேன்’ என்று அர்த்தம். தண்ணீர் வற்றும்போது வெள்ளை வெளேரென்று மேலே வரும், ஓதம் ஏறினால் மூழ்கிவிடும். பௌர்ணமிக்கு மறுநாள் அங்கே போவதற்காக ஒரு படகுக்காரரிடம் பேசி வைத்திருந்தேன். முந்தின இரவு அவரிடமிருந்து ‘கேஷோ, ஸா தாத்து’ என்று செய்தி வந்தது. கேஷோ என்றால் நாளை. ஸா என்றால் மணி. தாத்து என்றால் மூன்று. சுவாஹிலி எண்களைப் பத்துவரை மனப்பாடம் செய்திருந்தேன், அதனால் சந்தேகமே வரவில்லை. மறுநாள் மாலை 3 மணிக்குக் கரையில் போய் நின்றேன். தண்ணீர் படிக்கட்டுவரை ஏறியிருந்தது. திட்டு இருந்த இடத்தில் நீலக் கடல்தான். படகுக்காரர் காலை 9 மணிக்கே வந்து, அரை மணி நேரம் காத்திருந்து, பிறகு போயிருக்கிறார்.

அவர் சொன்னது சரி. சுவாஹிலியில் பகலின் மணிக்கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. நமக்கு இது புதிதல்ல. உதயாதி நாழிகை என்று பஞ்சாங்கத்தில் போடுவார்களே, அதே கணக்குதான். நாழிகைக்குப் பதில் மணி, அவ்வளவுதான். காலை 7 மணிதான் அவர்களுக்கு முதல் மணி, ஸா மோஜா. 8 மணி ஸா ம்பிலி, 9 மணி ஸா தாத்து, நண்பகல் 12 மணி ஸா ஸீதா. மாலை 4 மணி ஸா கூமி, அதாவது பத்தாவது மணி. சூரியன் மறைந்ததும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், இரவு 7 மணியும் ஸா மோஜாதான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் உதயமும் அஸ்தமனமும் ஏறக்குறைய 6 மணியை ஒட்டியே வருகின்றன. அதனால் இந்தக் கணக்கு பிசகுவதே இல்லை.

மாற்றும் வழி எளிது. அவர்கள் சொல்லும் எண்ணோடு 6 கூட்டுங்கள். 12-ஐத் தாண்டினால் 12-ஐக் கழியுங்கள். இன்னும் எளிதாக, முள் கடிகாரத்தில் நேர் எதிர்ப்பக்கத்து எண்ணைப் பாருங்கள்: 3-க்கு எதிரே 9, 4-க்கு எதிரே 10. இதற்காகவே எண்கள் போட்ட முள் கடிகாரம் ஒன்று கட்டிக்கொண்டு போகச் சொல்வேன்.

சுற்றுலாத் தொழிலில் பழகியவர்கள் பலர் ஆங்கில நேரத்தில்தான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே சுவாஹிலி மணியைச் சொல்பவர்களும் உண்டு. எனவே யார் நேரம் சொன்னாலும், ‘காலையா, மாலையா?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், கடிகாரத்தை நீட்டி முள் எங்கே இருக்கும் என்று காட்டச் சொல்லுங்கள். பிறகு உங்கள் தாளில் உள்ள வற்ற நேரத்தோடு ஒப்பிடுங்கள். மணல்திட்டுக்குப் போகும் படகு வற்றத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி முன்பு கிளம்பவேண்டும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் யாரோ நேரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்று நான் இந்த ஒப்பீட்டைச் செய்திருந்தால் போதும். என் தாளிலேயே வற்றம் காலை பத்தரை என்றுதான் எழுதியிருந்தது.

அதே படகுக்காரர் மறுநாள் ஸா ந்னே என்றார். காலை 10 மணிக்கு நின்றேன், போய்வந்தோம்.

படி 4: இடங்களை ஓதத்தோடு பொருத்துங்கள்

ஸ்டோன் டவுனுக்கு ஓதம் தேவையில்லை, கடல் ஒத்துவராத நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். 1883-ல் சுல்தான் பர்காஷ் கட்டிய அதிசய மாளிகை 2020 டிசம்பரில் ஒரு பகுதி இடிந்தது. வெளியிலிருந்து பார்த்தாலே அதன் பிரம்மாண்டம் தெரியும். 1873-ல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் இப்போது தேவாலயம் நிற்கிறது. அங்கே அவசரமாகப் போகாதீர்கள். நான் அன்று அதற்குப் பிறகு வேறெதுவும் பார்க்கவில்லை. மாலையில் ஃபொரோதானி பூங்காவுக்கு வாருங்கள். பெரிய ஓத நாட்களில் அந்த நேரத்தில் தண்ணீர் சுவரோடு தளும்பும், பையன்கள் ஓடிவந்து சுவரிலிருந்து குதிப்பார்கள். அங்கே உரோஜோ என்று மாங்காய்ப் புளிப்பும் மஞ்சளும் சேர்ந்த ஒரு சூப் கிடைக்கும். பஜ்ஜி, உருளைக்கிழங்கு எல்லாம் அதிலேயே மிதக்கும். தவறவிடாதீர்கள்.

வற்றத்தில் பார்க்கவேண்டியவற்றில் எனக்கு முதலிடம் ஜம்பியானி, பாஜே பக்கத்துக் கடற்பாசி வயல்கள். சுவாஹிலியில் ம்வானி என்பார்கள். 1980-களின் கடைசியில் தொடங்கிய இந்தச் சாகுபடியைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். மணலில் வரிசையாக அடித்த குச்சிகள், குச்சிக்குக் குச்சி கயிறு, கயிற்றில் சாண் இடைவெளியில் ஒரு சிறு பாசித் துண்டு. ஒரு பெண்மணி எனக்குக் கட்டிக் காட்டினார். மெல்லிய நூலால் ஒரே சுற்று, சுருக்கு, ஒரு இழுப்பு. கீழே பார்க்காமலே கை போய்க்கொண்டிருந்தது. முழங்கால் அளவு வெந்நீர்போன்ற தண்ணீரில், தலைக்கு மேலே வெயிலோடு, ஓதம் திரும்பும்வரை அப்படியே குனிந்து வேலை. சுமார் ஆறு வாரத்தில் அறுவடை. காய்ந்த பாசி ஏற்றுமதியாகிப் பற்பசையிலும் ஐஸ்கிரீமிலும் சேரும் கெட்டிப்பொருளாக மாறுகிறது. கடல் சூடாகிக்கொண்டே வருவதால் நல்ல விலை போகும் ரகம் ஆழமில்லாத தண்ணீரில் அழிந்துபோகிறது. படம் எடுக்குமுன் கேளுங்கள். கயிறுகளுக்கு இடையே உள்ள வழியில் மட்டும் நடங்கள். பாஜேயில் பாசியில் சோப்பு செய்கிற பட்டறைகள் உண்டு. நினைவுப்பொருள் வாங்குவதானால் அங்கே வாங்குங்கள்.

ஜோஸானி காட்டில் செம்பழுப்புக் கொலோபஸ் குரங்குகளைப் பார்க்க எந்த நேரமும் சரி. அங்கேயே அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை இருக்கிறது. வற்றத்தில் போனால் வேர்களும் நண்டுகளும், ஏற்றத்தில் போனால் வேர்களுக்கு நடுவே மீன்களும் தெரியும். நான் ஏற்றத்தையே தேர்ந்தெடுப்பேன். மிச்சாம்வி பக்கம் பாறைமேல் நிற்கும் ‘தி ராக்’ உணவகத்துக்கு வற்றத்தில் நடந்தே போகலாம், ஏற்றத்தில் படகு வரும். நாள் முழுவதும் நீந்தவேண்டும் என்பவர்கள் வடக்கே கெண்ட்வாவில் தங்கலாம். அங்கே கடல் அவ்வளவு தூரம் விலகுவதில்லை. எனக்கு ஜம்பியானிதான் பிடித்தது.

கிஸிம்காஸியில் டால்பின்களைத் துரத்தும் படகுகளில் ஏறாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு கூட்டத்தைச் சுற்றிப் பல படகுகள் வளைத்துக்கொள்வதைக் கரையிலிருந்தே பார்த்தேன்.

படி 5: பாறை வரிசைவரை நடப்பவர்களுக்கு

வற்ற நேரத்துக்கு ஒரு மணி முன்பு கிளம்புங்கள், தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் கரைக்குத் திரும்புங்கள். ஓதம் சீராக ஏறுவதில்லை. கடலோடிகள் பன்னிரண்டு பங்காகப் பிரித்துச் சொல்வார்கள்: ஆறு மணி நேரத்தில் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு. ஏற்றம் 3.6 மீட்டர் என்றால் முதல் மணியில் 30 சென்டிமீட்டர்தான். ‘மெதுவாகத்தானே வருகிறது’ என்று தோன்றும். இரண்டாம் மணியில் 60, மூன்றாம் மணியில் மட்டும் 90 சென்டிமீட்டர். அதற்குள் உங்களுக்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளங்கள் நிரம்பிவிடும். உள்ளூர்க்காரர் ஒருவரைக் காசு கொடுத்துக் கூட்டிப்போங்கள்.

கறுப்பு முட்களோடு கடல் முள்ளெலிகள் நிறைய இருக்கும். செருப்பு போதாது, சேற்றில் கழன்றுவிடும். தடித்த ரப்பர் அடியுள்ள, குதிகாலை மூடும் ஷூ வேண்டும். ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போய்வந்த ஒரு வாசகி, விமான நிலையத்தில் காப்பீடு கேட்டார்கள் என்று எழுதினார். ஆமாம், 2024 அக்டோபர் 1 முதல் ஸான்ஸிபாருக்கு வரும் வெளிநாட்டவர் ஸான்ஸிபார் காப்பீட்டுக் கழகத்தின் பயணக் காப்பீட்டை, 44 டாலர், எடுத்தாக வேண்டும். நம் ஊரில் எடுத்த காப்பீடு இதற்கு ஈடாகாது. கிளம்பும் முன்பே இணையத்தில் கட்டிவிடுங்கள்.

இன்னொருவர் ஜூலையில் போனார். தாளில் எழுதிய நேரத்துக்குத் தண்ணீர் சரியாக வந்தது, ஆனால் கிழக்குக் கரையில் காற்று அடித்துக் கடல் கலங்கியிருந்தது என்றார். அது குசி, தென்கிழக்குப் பருவக்காற்று. பட்டம் கட்டி அலைமேல் சறுக்குகிறவர்கள் அதற்காகவே ஜூன் முதல் செப்டம்பர்வரை பாஜேக்கு வருகிறார்கள். நீருக்கடியில் பவளம் பார்க்க விரும்பினால் அந்த மாதங்களில் மேற்குக் கரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மார்ச் பாதியிலிருந்து மே வரை மசிக்கா, பெருமழைக் காலம். அப்போது நான் போகமாட்டேன்.

வயதான அம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. அஷ்டமியை ஒட்டிய நாட்களாகப் பாருங்கள். முற்பகலில் வாசலுக்கே தண்ணீர் வந்துவிடும், ஓரமாக உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருக்கலாம்.