டெபுடேஷனுக்கு விண்ணப்பித்தால் உங்கள் ஏ.பி.ஏ.ஆர். யார் கண்ணில் படும்?

மத்திய அரசு ஊழியர் வேறு துறைக்கு டெபுடேஷனில், அதாவது தற்காலிக அயல்பணியில், போக நினைத்தவுடன் எழும் கேள்வி, ‘நம்ம சி.ஆரை அங்கே பார்ப்பாங்களா?’ என்பது. சி.ஆர். என்ற பழைய இரகசிய அறிக்கைதான் இன்றைய ஏ.பி.ஏ.ஆர்., அதாவது ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை. பார்ப்பார்கள். கடைசி ஐந்து ஆண்டு ஏ.பி.ஏ.ஆர். நகல்களைப் பெரும்பாலான சுற்றறிக்கைகள் கேட்கின்றன; ஒவ்வொரு பக்கத்திலும் சார்புச் செயலர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் சான்றொப்பம் வேண்டும். விஜிலன்ஸ் கிளியரன்ஸ் (கண்காணிப்புப் பிரிவின் தடையின்மைச் சான்று), நேர்மைச் சான்று, கடந்த பத்தாண்டு தண்டனை விவரம் ஆகியவையும் கூடவே போகும். இதில் மறைக்க வழியில்லை. என்ன போகிறது, யார் கை வழியாகப் போகிறது என்ற இரண்டையும் கவனிக்கலாம். பலர் கோட்டைவிடுவதும் அங்கேதான்.

விண்ணப்பிக்கும் முன் ஐந்து ஆண்டு அறிக்கைகளையும் முழுதாகப் படியுங்கள். ஸ்பாரோ என்ற இணைய ஏ.பி.ஏ.ஆர். தளத்தில் எழுதப்பட்டவை உங்கள் லாகின்னிலேயே கிடைக்கும். காகிதத்தில் இருப்பவற்றை ஏ.பி.ஏ.ஆர். பிரிவில் எழுதிக் கேளுங்கள். இழுத்தடித்தால் பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். சொந்த அறிக்கையைக் கேட்பவரிடம் அந்தரங்கக் காரணம் சொல்லி மறுப்பதில் அர்த்தமே இல்லை. பாதகக் குறிப்பு இருந்தால் மட்டுமே சொல்வது என்பதுதான் முன்பு வழக்கம். 2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மதிப்பீட்டையும் தெரிவிக்கச் சொன்னது. 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் அதையே உறுதிசெய்தது.

எண்ணைப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். பத்துக்கு 8 முதல் ‘மிகச் சிறப்பு’, 6 முதல் 8-க்குள் ‘மிக நன்று’, 4 முதல் 6-க்குள் ‘நன்று’. 5.9 வாங்கியவரும் 4.1 வாங்கியவரும் ஒரே தட்டில்தான். சில தசமப் புள்ளிகளில் ஒரு படி கீழே விழுந்திருந்தால், அறிக்கை கைக்கு வந்த 15 நாளுக்குள் முறையீடு கொடுத்தாக வேண்டும். ‘டெபுடேஷன் வரும்போது பார்த்துக்கலாம்’ என்று விட்டால், கால அட்டவணைப்படி நவம்பர் 30-உடன் அந்த ஆண்டின் கதை முடிந்துவிடும். முறையீட்டில் கோபம் வேண்டாம். நீங்கள் சுயமதிப்பீட்டில் எழுதிய இலக்கு, முடித்த தேதி, கோப்பு எண் மூன்றும் போதும்.

ஏதாவது ஓர் ஆண்டு அறிக்கை விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஓர் அதிகாரியின் கீழ் மூன்று மாதமாவது வேலை பார்த்திருந்தால்தான் அவர் எழுத முடியும். ஆண்டு முழுக்க மாற்றல், நீண்ட விடுப்பு என்று போயிருந்தால் ‘நோ ரிப்போர்ட் சர்டிபிகேட்’ (அந்தக் காலத்துக்கு அறிக்கை இல்லை என்ற சான்று) வாங்கி வைத்து, அதற்கு முந்தைய ஆண்டின் அறிக்கையைச் சேர்ப்பது வழக்கம். சான்றிதழ் இல்லாத இடைவெளி, மோசமான மதிப்பெண்ணை விட அதிகச் சந்தேகத்தைக் கிளப்பும்.

அடுத்தது அனுப்பும் முறை. விண்ணப்பம் உங்கள் துறை வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே மேலதிகாரிக்குத் தெரியாமல் முயல்வது நடக்காத காரியம். துறை அனுப்பும் முன் நீங்களே நேரடியாக முன்நகல் அனுப்புவதானால் பயோடேட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏ.பி.ஏ.ஆர். நகலை அதோடு சேர்த்தால், அங்கே பொது மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கும் எல்லோரும் படிப்பார்கள். சான்றொப்பம் இல்லாததால் அதற்கு மதிப்பும் இல்லை. நகல்களை நிர்வாகப் பிரிவே எடுத்து, முகப்புக் கடிதத்தில் ஆண்டு வாரியாகக் குறிப்பிட்டு, முத்திரையிட்ட உறையில் ‘இரகசியம்’ என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பாரோ பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது அடிக்கடி நடக்கும் அசட்டுத்தனம். கேட்டது ஐந்து ஆண்டு என்றால் ஐந்துதான். ‘இருக்கட்டுமே’ என்று எட்டு ஆண்டுக்கானதைச் சேர்ப்பவர்களும் உண்டு. எப்போதோ சண்டை போட்ட அதிகாரி எழுதிய வரியை நாமே தேடிக்கொண்டுபோய்க் கொடுப்பானேன்?

தேர்வு முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. இடம் கிடைக்காத போட்டியாளர் உங்கள் அறிக்கையை ஆர்.டி.ஐ.யில் கேட்கக்கூடும். பொதுநலன் இல்லாமல் மற்றவரின் இரகசிய அறிக்கையைத் தரத் தேவையில்லை என்று 2013-இல் ஆர்.கே. ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு இன்னும் இறுகி, தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்றாகிவிட்டது. ஆனாலும் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2)-இன் கதவு மூடப்படவில்லை. எனவே தகவல் அலுவலர் தர உத்தேசித்தால், 11-ஆம் பிரிவின்படி விண்ணப்பம் வந்த ஐந்து நாளுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கிடைத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் நீங்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மாற்றலாகிப் போனவருக்கு நோட்டீஸ் பழைய முகவரிக்கே போய், அந்தப் பத்து நாள் அங்கேயே கரைந்துவிடும். அதனால் புதிய முகவரியையும் மின்னஞ்சலையும் பழைய துறை, உங்களை டெபுடேஷனில் எடுத்த துறை இரண்டுக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஆட்சேபக் கடிதத்தில் ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதாமல், விண்ணப்பதாரர் எந்தப் பொதுநலனையும் காட்டவில்லை என்பதைக் குறிப்பிட்டு, 8(1)(ஜே)-ஐச் சுட்டி, கையொப்பமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதை மீறித் தர முடிவெடுத்தால், அதை எதிர்த்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.